எம்ஜிபி வாங்குவதற்கு முன்: எஞ்சினுக்கு முன்பு தகட்டைப் படியுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிறதா, புகை விடுகிறதா, எத்தனை மைல் ஓடியிருக்கிறது? பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி ஒன்றைத் தேடி வாங்கி, அதன் வேலையில் பாதிக்கு மேல் கடந்துவிட்ட நான் உறுதியாகச் சொல்கிறேன்: எஞ்சின் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி தகடு, அதாவது காரின் உடலாக இருக்கும் எஃகுத் தகடுகளின் நிலை.

காரணம் எளிது. தேய்ந்த எஞ்சினுக்கு என்ன செலவாகும் என்பதைக் கழற்றுவதற்கு முன்பே ஏறக்குறைய கணக்கிட்டுவிடலாம். பிஸ்டன், பேரிங், கேஸ்கட், கிராங்க் ஷாஃப்ட் சாணை பிடிக்கும் கூலி என்று எல்லாவற்றுக்கும் விலை கேட்டு எழுதிவைக்கலாம். துரு அப்படிப்பட்டதல்ல. ஒரு தகட்டை வெட்டி எடுத்தால்தான் அடுத்த தகட்டின் நிலை தெரியும். அதை வெட்டினால் அதற்கும் பின்னால் ஒன்று காத்திருக்கும். வெல்டிங் செய்வதைவிட, வெட்டிய இடம் அளவு மாறாமல் மறுபடி பொருந்தச் செய்வது பெரிய வேலை. பாதியில் கைவிடப்பட்டு விற்பனைக்கு வரும் கார்களைப் பாருங்கள். எஞ்சின் வேலை முடிந்து பளபளவென்று ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். உடல் மட்டும் எலும்பும் தோலுமாக ஸ்டாண்டின் மேல் நிற்கும்.

எந்த மாடல் என்று முடிவு செய்வதற்கே நான் நிறைய நேரம் செலவழித்தேன். கூரை மடக்கும் இரண்டு இருக்கைக் கார் வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. மனத்தில் இருந்த ஒவ்வொரு மாடலையும் ஒரே கேள்வியால் வடிகட்டினேன்: இதன் தகடுகள் இன்றைக்குப் புதிதாகக் கிடைக்குமா? எம்ஜிபி அந்த இடத்தில்தான் மற்றவற்றை முந்தியது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிக்கள் தயாராயின. அவ்வளவு கார்கள் உலகெங்கும் பரவியிருந்ததால் உதிரிபாகச் சந்தை சாகவே இல்லை. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து முழு உடலையே மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. 1990களில் வந்த எம்ஜி ஆர்வி8 காரே அந்த முயற்சியின் தொடர்ச்சிதான். ஒரு காரின் உடல் முழுவதும் புதிதாகக் கிடைக்கிறது என்றால், அதன் எந்த மூலை அழுகிப்போனாலும் வழி இருக்கிறது என்று அர்த்தம்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்ஜிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 முதல் 1969 வரை மட்டும் வந்தது. மொத்தம் சுமார் 9,000 கார்கள். பார்வைக்கு எம்ஜிபியின் உடன்பிறப்பு. ஆனால் உள்ளே 2,912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின், அதற்கு இடம் கொடுக்கப் புடைத்த பானெட், முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் என்னும் முறுகித் தாங்கும் தண்டு. அதற்கே உரிய பாகம் ஒன்று தொலைந்திருந்தால் தேடல் நீளும். எனக்கு அந்தக் கார் மிகவும் பிடிக்கும். முதல் முறை புதுப்பிக்கிறவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கே உரிய நோய்க்கூறு உண்டு. லோட்டஸ் எலானின் உடல் கண்ணாடியிழையால் ஆனது; அது துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தாங்கும் நடு முதுகெலும்புச் சேஸி எஃகால் ஆனது. மேலே பளபளப்பாக இருக்கும் எலானின் அடியில் சேஸி அரித்துப்போயிருக்கலாம். டாட்சன் 240இசட்டில் தரைக்கு அடியில் ஓடும் நீளச் சட்டங்களையும், பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் பார்க்க வேண்டும். ஜாகுவார் இ-டைப்பில் எஞ்சினைச் சுமக்கும் முன்பக்கக் குழாய்ச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே “பழைய காரில் எதைப் பார்க்க வேண்டும்” என்று பொதுவாகத் தேடினால் பயன் குறைவு. நீங்கள் வாங்கப்போகும் மாடல் எங்கே அழுகும் என்று தேடுங்கள். அந்த மாடலின் பட்டறைக் கையேட்டையும் உதிரிபாகப் பட்டியலையும் காரை வாங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். உதிரிபாகப் பட்டியலில் ஒவ்வொரு தகட்டையும் பிரித்துப் பிரித்து வரைந்த படங்கள் இருக்கும். எந்தத் தகடு எதன்மேல் உட்காருகிறது என்பதை அந்தப் படங்களில்தான் கற்றுக்கொண்டேன். காரின் அடியில் டார்ச்சோடு படுக்கும்போது அந்தப் படிப்புதான் கைகொடுத்தது.

மாடலுக்குள்ளும் ஆண்டு முக்கியம். எம்ஜிபியின் 1,798 சிசி எஞ்சினில் ஆரம்பத்தில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று பேரிங்குகள்தான் இருந்தன. 1964 இறுதியில் அவை ஐந்தாயின. எஞ்சின் எண் 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் மூன்று பேரிங், 18ஜிபியிலிருந்து ஐந்து. 1967 இறுதியில் வந்த மார்க் 2 காரில் கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ முதல் கியருக்கும் வந்தது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பேட்டரியின் நேர்முனையை உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் போய், எதிர்முனையை இணைக்கும் நெகட்டிவ் எர்த் வந்தது. 1974 இறுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கனத்த கறுப்பு பம்பர்கள் வந்தன. காரின் உயரமும் கூடியது. அமெரிக்காவுக்குப் போன பிற்காலக் கார்களில் இரட்டை எஸ்யு கார்புரேட்டர்களுக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பர்க். இந்தக் கோடுகளை மனத்தில் போட்டுக்கொண்டபின், குரோம் பம்பர் உள்ள மார்க் 2 என்று என் வட்டத்தைச் சுருக்கினேன். கறுப்பு பம்பர் கார்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை குரோமுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். மாற்றலாம்தான். ஆனால் பம்பரைக் கழற்றி மாட்டுவதோடு முடியாது, தகட்டு வேலையும் சேர்ந்தே வரும்.

இனி தகடு. எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது, உடலே சேஸி. கூரையும் இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிணைத்து நிற்பவை தரையும், நடுச் சுரங்கமும், கதவுக்குக் கீழே இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவச் சட்டங்களும்தான். கதவடிச் சட்டம் என்று இங்கே சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு வளைந்த தகடு. உண்மையில் வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் தகடு, உட்தகடு, அடியில் கோட்டைமதில்போல் பல்பல்லாக வெட்டப்பட்ட ஒரு பட்டை என்று பல அடுக்குகள் சேர்ந்தது. தரையின் ஓரம் அந்தப் பட்டையோடு இணைகிறது. இவை அழுகினால் கார் நடுவில் தொய்யும்.

அழுகல் எங்கே தொடங்குகிறது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு மட்கார்டுக்குள் பின்பக்கமாகப் போய்ச் சேரும். அதைத் தடுக்க ஒரு தகடும் ரப்பர் ஓரமும் இருக்கின்றன. ரப்பர் காய்ந்து சுருங்கியதும் சேறு உள்ளே புகுந்து, கதவடிச் சட்டத்தின் முன்முனையில் படிந்து, ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அந்த முன்முனை மட்கார்டுக்குள் மறைந்திருக்கிறது. பின்முனையும் அப்படியே பின்பக்க உடல் தகட்டுக்குள் மறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே இரு முனைகளும் போயிருக்கும். அதனால்தான் சரியான பழுதுபார்ப்புக்கு மட்கார்டைக் கழற்றி, பின்தகட்டின் கீழ்ப்பகுதியை வெட்டி, சட்டத்தை முழுநீளத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அவசர வேலை செய்கிறவர்கள் அதைச் செய்வதில்லை. அழுகிய தகட்டின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைத்து, பட்டி தடவி, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள்.

அப்படி ஒரு காரைப் பார்த்தேன். சிவப்பு நிறம், புதுப் பெயிண்ட், புது இருக்கை உறைகள், அடியில் இன்னும் வாசனை போகாத கறுப்புப் பூச்சு. எஞ்சின் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை முன்மட்கார்டின் கீழ்ப்பகுதியில் வைத்தேன், ஒட்டவில்லை. ஒரு விரற்கடை மேலே ஏற்றினேன், ஒட்டியது. பிறகு மட்கார்டும் கதவடிச் சட்டமும் சேரும் செங்குத்து இணைப்புக் கோட்டைத் தேடினேன். தொழிற்சாலையிலிருந்து வந்த காரில் அந்தக் கோடு தெரிய வேண்டும். இங்கே அந்த இடம் வழுவழுவென்று ஒரே தகடாக ஓடியது. விற்பவரின் அனுமதியோடு பின்பக்கத்தில் ஜாக்கை வைத்து ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தினோம். அதற்கு முன்பு கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருந்த இடைவெளி, மேற்பக்கம் கண்ணெதிரே குறுகியது. கதவைத் திறந்துவிட்டு மூட முயன்றேன். பூட்டு அதன் இடத்தில் விழவில்லை. அதற்குமேல் எஞ்சினைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவரும் அந்தக் காரை அந்த நிலையில்தான் வாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இந்தச் சோதனைகள் எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. காந்தம், டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், கைப்பிடியுள்ள சின்னக் கண்ணாடி, அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற உடை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அழுகிய இடமும் பட்டி நிறைந்த இடமும் மொத்தென்று ஒலிக்கும். உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கித் தரையின் ஓரத்தைப் பாருங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டிகளின் அடியைப் பாருங்கள். 1974 வரையிலான கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே இருந்தன. அமிலம் கசிந்து பெட்டியைத் தின்றிருக்கும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டப்படும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். கதவின் வெளித்தகட்டில், முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே ஒரு விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது எம்ஜிபியின் பிறவி வியாதி, உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் பெயிண்ட் அடித்துவிட்டதாகச் சொல்லப்படும் கதவில் விரிசல் மறுபடி தெரிந்தால், பெயிண்டுக்குக் கீழே என்ன வேலை நடந்தது என்று கேட்க வேண்டிவரும்.

எஞ்சின், கியர்பாக்ஸ் விஷயத்தை விரைவாகவே முடித்துவிடலாம். எஞ்சின் சூடானபின் ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் நின்றால் நல்லது. ஐட்லிங்கில் இறங்குவது இயல்பு. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டாவது கியர் கரகரத்தால் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்றால் பயந்துவிட வேண்டாம். பல நேரம் ஒரு வயரோ சுவிட்சோதான் காரணமாக இருக்கும். கிளட்ச் வழுக்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள், ஏனென்றால் இந்தக் காரில் கிளட்ச் மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். ஸ்போக் சக்கரங்கள் இருந்தால் பிரேக்கை மிதித்தபடி காரை முன்னும் பின்னும் லேசாக நகர்த்துங்கள். சக்கர மையத்தில் டொக்கென்ற சத்தம் வந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன. இவை எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. விலை பேசும்போது இவற்றைச் சொல்லலாம். இவற்றுக்காக நல்ல தகட்டை விட்டுவிடக் கூடாது.

ஒரு நல்ல எம்ஜிபியை ஓட்டிப் பார்த்தபின்பு கெட்டதைப் பார்க்கப் போங்கள். பல ஆண்டுகளாக ஒன்றை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவர் சாவியை என்னிடம் தந்து, பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஸ்டியரிங் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், மேடுபள்ளத்தில் உடல் எவ்வளவு நடுங்கலாம், நல்ல கார் எந்தச் சத்தங்களைப் போடும் என்பதெல்லாம் அந்த ஓட்டத்தில்தான் எனக்குப் புரிந்தது. சுமார் 95 குதிரைத்திறன் கொண்ட கார் இது. அந்த வேகம் உங்களுக்குப் போதுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். போதாது என்றால் வேறு காரைத் தேடலாம்.

அடுத்தது எண்கள். ஜிஎச்என் என்று தொடங்கும் சேஸி எண் ரோட்ஸ்டருக்கு, ஜிஎச்டி என்பது நிலையான கூரையுள்ள ஜிடிக்கு. தொழிற்சாலையே தயாரித்த வி8 (எட்டு சிலிண்டர்) கார்களின் எண் ஜிடி2டி1 என்று தொடங்கும். 1973 முதல் 1976 வரை அப்படி வந்தவை 2,591 மட்டுமே. “தொழிற்சாலை வி8” என்ற பெயரில் பிற்காலத்தில் எஞ்சின் மாற்றிய காரை யாராவது விற்றால், எண் உண்மையைச் சொல்லிவிடும். இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக்காப்பகத்துக்குச் சேஸி எண்ணைத் தந்து கட்டணம் செலுத்தினால், கார் தயாரான நாள், முதல் நிறம், எஞ்சின் எண், எந்தச் சந்தைக்கு அனுப்பப்பட்டது ஆகியவற்றைச் சான்றிதழாகத் தருகிறார்கள். எஞ்சின் எண் பொருந்தவில்லை என்பதாலேயே எம்ஜிபியை நான் ஒதுக்க மாட்டேன். அந்தக் காலத்தில் தேய்ந்த எஞ்சினுக்குப் பதில், தொழிற்சாலையே புதுப்பித்துத் தந்த எஞ்சினை மாட்டுவது வழக்கம். சேஸி எண்ணும் பதிவு ஆவணமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மட்டும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவு காலாவதியான காரை மறுபடி பதிவு செய்ய முடியுமா, உடல் முழுவதையும் மாற்றினால் பழைய எண் செல்லுமா, இடப்பக்க ஸ்டியரிங்கை உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பு எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பிரித்துப் பெட்டிகளில் போட்டு விற்கப்படும் கார்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் முறை செய்கிறவர் அவற்றை வாங்க வேண்டாம். இன்னொருவர் கழற்றிய காரில், எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்கிற நினைவு அவரோடு போய்விட்டது. எது குறைகிறது என்பதும் பூட்டும்போதுதான் தெரியவரும். நீங்களே கழற்றும்போது ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பையில் போட்டு, பெயர் எழுதிக் கட்டிவைக்கலாம். இன்னொன்று: பிரித்த கார் முழுக் காரைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த இடம் மழை படாமல் பல ஆண்டுகளுக்கு உங்களிடம் இருக்குமா என்று பாருங்கள்.

பணக் கணக்கையும் உள்ளபடி போட வேண்டும். தகடு, பெயிண்ட், குரோம், உள்ளலங்காரம், எஞ்சின், பிரேக், டயர், போக்குவரத்து என்று தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு நிரப்பினேன். எல்லா வேலையையும் கூலிக்குக் கொடுத்தால், மொத்தத் தொகை பெரும்பாலும் நன்றாகப் புதுப்பிக்கப்பட்ட எம்ஜிபி ஒன்றின் விற்பனை விலையைத் தாண்டிவிடும். ஓட்டுவதற்குத்தான் கார் வேண்டும் என்றால், வேறொருவர் புதுப்பித்துமுடித்த காரை வாங்குவதே சரி. எனக்கு அந்த வேலையே வேண்டியிருந்தது. மாலையில் பட்டறை விளக்கின் கீழே ஒரு தகட்டை அளந்து, வெட்டி, அது இடத்தில் வந்து உட்காரும்போது வருகிற நிறைவுக்காகத்தான் இதில் இறங்கினேன். அதனால் என் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெயிண்டையும் எஞ்சின் பிளாக் வேலையையும் மட்டும் வெளியே கொடுப்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

கடைசியில் நான் வாங்கியது 1968ஆம் ஆண்டு ரோட்ஸ்டர். பெயிண்ட் சுண்ணாம்பாக உதிர்ந்தது. வால்வுகள் சத்தம் போட்டன, இரண்டாவது கியர் முறைத்தது, பேட்டரிப் பெட்டி ஒன்றின் அடி அறவே இல்லை, இடது மட்கார்டின் கீழே கை நுழையும் ஓட்டை. ஆனால் இருபுறமும் இணைப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அடியில் பல்பட்டை முழுநீளத்துக்கும் கணீரென்று ஒலித்தது. ஜாக்கில் உயர்த்தியும் கதவு இடைவெளி நூலளவும் மாறவில்லை. கதவு ஒரு தள்ளலில் மூடியது. அந்த ஓட்டைவழியே விரலை விட்டுச் சட்டத்தின் முன்முனையைத் தடவினேன். காய்ந்த மண், அதற்குக் கீழே முழுத்தகடு.

விலை படியும் நேரத்தில் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டேன். அந்தக் காலத்து எம்ஜிபிக்களில் பலவற்றின் மடக்குக் கூரைச் சட்டம் தனியாகக் கழன்று வரும் வகை. கழற்றி எங்காவது வைத்துவிட்டு மறந்துபோவார்கள். காரோடு வராமலே போய்விடும். அதையும், கண்ணில் படும் எல்லாப் பழைய பில்களையும் தேடித் தந்தால் விற்பவர் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். விற்பவரின் மகன் பரணிலிருந்து இரண்டையும் இறக்கிக் கொடுத்தார். கூரைச் சட்டத்தின் குழாய்கள் வளையாமல் இருந்தன. பில்களில் முன்சக்கரம் திரும்ப உதவும் கிங் பின் மாற்றியதற்கும், பின்பக்க ஸ்பிரிங்குகள் வாங்கியதற்கும் தேதியோடு ரசீது இருந்தது. என் பட்டியலில் அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.